ஆர்க்கிடெக்ட் படமும் பலகை வெட்டும் மெஷினும்

சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்ப்பவர்கள் கண்டாச்சிபுரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் வீடு கட்டும்போது, ஆர்க்கிடெக்ட் வரைந்த படத்தைச் செல்போனிலேயே கொண்டுவந்து நம் கல்லா முன் நீட்டுகிறார்கள். "அண்ணே, எல்லா அளவும் கம்ப்யூட்டர்லயே இருக்கு. இதை அப்படியே மெஷின்ல கொடுத்து கிச்சன் அலமாரிக்கு வெட்டி வாங்கிக் கொடுத்துடுங்க" என்கிறார்கள். பிளைவுட், மைக்கா, கீல் விற்கும் நம் உறுப்பினர்களுக்கு இது நல்ல வியாபாரம்தான். பலகையோடு வெட்டுக்கூலியிலும் ஒரு பங்கு கிடைக்கும். ஆனால் அந்த ‘அப்படியே’ என்ற சொல்லை நம்பி ஆர்டர் எடுத்தால், வெட்டிய பலகை நம் தலையில்தான் விழும்.

நமக்குத் தெரிந்த கடைக்காரர் ஒருவருக்கு அது நடந்தது. இரண்டு சுவர்களுக்கு நடுவே 3,000 மி.மீ. இடம், 600 மி.மீ. அகலத்தில் ஐந்து பாக்ஸ். படத்தில் கணக்கு கச்சிதமாக இருந்தது. மெஷினும் ஒரு நூல் பிசகாமல் வெட்டிக் கொடுத்தது. வீட்டில் கொண்டுபோய்ப் பூட்டினால் நாலு பாக்ஸ் உட்கார்ந்தது, ஐந்தாவது உள்ளே போகவில்லை. பசை போட்டு ஸ்க்ரூ முடுக்கிய பாக்ஸைப் பிரித்ததில் மைக்கா பெயர்ந்து, பக்கப் பலகைகளும் வீணாயின. வீட்டுக்காரர் கடைக்காரரைக் கை காட்டினார். மெஷின்காரர் படத்தைக் கை காட்டினார்.

தவறு எங்கே என்று பார்ப்போம். அந்தப் படத்தில் பலகையின் கனம் 18 மி.மீ. என்று இருந்தது. ஆகவே அடிப்பலகையின் அகலம் 600இல் இரண்டு பக்கப் பலகைகளைக் கழித்து 564 என்று வெட்டப்பட்டது. ஆனால் அந்தப் பலகையில் வெளிப்பக்கம் 1 மி.மீ. மைக்கா, உள்பக்கம் 0.8 மி.மீ. மைக்கா ஒட்டியிருந்தது. உண்மைக் கனம் 19.8. அடிப்பலகையை 560.4 என்று வெட்டியிருக்க வேண்டும். ஒரு பாக்ஸுக்கு 3.6 மி.மீ. கூடியது, ஐந்து பாக்ஸுக்கு 18 மி.மீ. கூடிவிட்டது. ஒரு பலகைக் கனமே அதிகம்! ஆசாரி கையால் செய்திருந்தால் முதல் பாக்ஸைப் பூட்டியதுமே டேப்பை வைத்துப் பார்த்து அடுத்ததில் சரிக்கட்டியிருப்பார். மெஷினுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

ஆர்க்கிடெக்ட் மீது பழி போடுவது இங்கே நம் நோக்கம் அல்ல. அவர் வரைவது வீட்டுக்காரர் பார்த்துச் சம்மதிக்கவும், கொத்தனாரும் ஆசாரியும் புரிந்துகொள்ளவும். 1982இல் வந்த ஆட்டோகேட் போன்ற மென்பொருள்களில் அவர் போடும் கோடு வெறும் கோடுதான். அது பலகையின் ஓரமா, டைல்ஸின் ஓரமா, சுவரா என்பது கோட்டுக்குத் தெரியாது. எண்களைக் கொடுத்து மெஷினை ஓட்டும் முறையோ 1952இலேயே அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் செய்து காட்டப்பட்டது. இரண்டும் பழைய சங்கதிகள்தான். சிக்கல் இவற்றை இணைக்கும் இடத்தில் இருக்கிறது.

இதில் நம்மவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கட்டடப் படங்களின் ஓரத்தில், ‘எழுதியுள்ள அளவையே பின்பற்றவும், படத்தை அளந்து எடுக்கக் கூடாது’ என்ற குறிப்பு வழக்கமாக இருக்கும். வீட்டுக்காரர் கடைசி நேரத்தில் அளவை மாற்றச் சொன்னால், சில இடங்களில் கோட்டை இழுத்துத் திருத்தாமல், எண்ணை மட்டும் 590 என்பதிலிருந்து 600 என்று திருத்தி அனுப்பிவிடுவார்கள். ஆசாரி எண்ணைப் படித்து வேலை செய்வார், அவருக்குக் குழப்பமில்லை. மெஷின் எண்ணைப் படிப்பதே இல்லை, கோட்டின் மேல்தான் ஓடும். 590தான் வெட்டும்.

வேறு சில தொல்லைகளும் உண்டு. அங்குலத்தில் வரைந்த படத்தை மி.மீ. என்று எடுத்துக்கொண்டால் அளவு 25.4இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். இது உடனே கண்ணில் பட்டுவிடும் என்பதால் பயமில்லை. ஒரே கோடு ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு முறை விழுந்திருப்பதும், மூலையில் கோடுகள் சேராமல் இருப்பதும்தான் கண்ணுக்குத் தெரியாதவை. முன்னதில் பிட் ஒரே தடத்தில் இரண்டு தரம் ஓடும். பின்னதில் எது உள்பக்கம், எது வெளிப்பக்கம் என்று மென்பொருள் தடுமாறும். மர ரேகை எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று சொல்லாவிட்டால், எட்டுக்கு நாலு பலகையில் மிச்சம் பிடிப்பதற்காகத் துண்டுகளைத் திருப்பிப் போட்டுவிடும். ஒரு கதவில் ரேகை நெடுக்காகவும் அடுத்த கதவில் குறுக்காகவும் வந்தால் எந்த வீட்டுக்காரர் பணம் கொடுப்பார்?

கீலுக்கு 35 மி.மீ. குழி, தட்டுக்கு 5 மி.மீ. துளைகள், துளைக்குத் துளை 32 மி.மீ. இடைவெளி, முன் ஓரத்திலிருந்து 37 மி.மீ. தள்ளி என்பது உலகம் முழுதும் கடைப்பிடிக்கும் முறை. ஆர்க்கிடெக்ட் படத்தில் பெரும்பாலும் இவை இருக்காது. இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. எந்த கீல், எந்த டிரா சேனல் என்று முடிவானபின் போட வேண்டியவை இவை. அந்தச் சாமானை விற்பவர்கள் நாம்தானே.

அப்படியானால் படத்திலிருந்து நேராக மெஷினுக்குப் போகவே முடியாதா? முடியும். 2014இல் தொடங்கிய ஹோம்லேன், லிவ்ஸ்பேஸ் போன்ற நிறுவனங்கள் வெளியார் படத்தை வாங்கி அப்படியே வெட்டுவதில்லை. தங்கள் மென்பொருளிலேயே, தங்கள் பாக்ஸ்களைக் கொண்டே சமையலறையை வரைகிறார்கள். ஆட்டோகேட் மேல் இயங்கும் மைக்ரோவெல்லம், ஐமாஸ் போன்றவையும் இந்த வழிதான். அங்கே வரைவது கோடு அல்ல, பலகை. கனம், மைக்கா, ஓரப்பட்டை, துளை எல்லாம் அதோடு சேர்ந்தே வரும். கனத்தை ஓரிடத்தில் மாற்றினால் எல்லாத் துண்டுகளின் அளவும் தானே மாறும்.

நம் பகுதியில் பூஜை அறைக் கதவுக்குப் பூவேலையும் ஜாலியும் வெட்டும் சி.என்.சி. ரௌட்டரே அலமாரிப் பலகையையும் வெட்டும். அதற்கு ஆர்க்கிடெக்ட் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, துண்டு துண்டாக வேறொரு வெட்டுப் படம் போட வேண்டும். ஆட்டோகேட் தெரிந்த பாலிடெக்னிக் பிள்ளைகள் இதைச் செய்துவிடுவார்கள். ஆனால் பாக்ஸ் எப்படிச் சேரும் என்பதை ஆசாரி பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். இந்த வேலைக்குத் தனியாகக் கூலி போடுங்கள். பலகை விலைக்குள் அமுக்காதீர்கள்.

ஒரே முத்திரை உள்ள 18 மி.மீ. பலகை 17.5 ஆகவும் வரும், 18.4 ஆகவும் வரும் என்பது நமக்குப் புதிதல்ல. ஒரு வீட்டுக்குரிய பலகை முழுவதையும் ஒரே லோடிலிருந்து எடுத்து, மைக்கா ஒட்டியபின் வெர்னியரால் நாலு மூலையிலும் அளந்து, அந்த எண்ணை வெட்டுப் படம் போடுபவரிடம் கொடுங்கள். சுவர் அளவைப் பூச்சும் டைல்ஸும் முடிந்த பிறகே, மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் எடுக்கச் சொல்லுங்கள். மூன்றில் சிறியதே நம் அளவு. சுவரோரம் ஒரு பட்டைக்கு இடம் விட்டால் கோணல் மறையும்.

கடைசி அளவுத் தாளில் வீட்டுக்காரர், ஆசாரி, மெஷின்காரர் மூவரிடமும் கையெழுத்து வாங்கிய பிறகு, முதலில் ஒரே ஒரு பாக்ஸை மட்டும் வெட்டச் சொல்லுங்கள். அதைப் பசை போடாமல் பூட்டி, வெளி அகலத்தை டேப்பால் அளந்து 600 வந்தால் மீதியை ஓட்டச் சொல்லலாம்.