கிளைடரில் எந்தக் கருவி எங்கே?

எட்டாம் வகுப்பில் 'விசையும் அழுத்தமும்' பாடம் நடத்தும்போது நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் கிளைடர். எஞ்சின் இல்லாத விமானம் இது. வேறொரு விமானமோ, தரையிலுள்ள விஞ்சோ மேலே இழுத்து விட்டபின், மேலெழும் வெப்பக்காற்றைத் தேடி அதில் வட்டமடித்து உயரம் பெறுகிறது. இறங்கும்போது ஓடுபாதை தவறினால், மீண்டும் எழும்பிச் சுற்றி வர வழியில்லை. ஆகவே விமானியின் முன்னுள்ள கருவிப் பலகையின் அமைப்பு உயிர் காக்கும் விஷயம்.

பலகை சிறியது. கருவிகளில் பெரும்பாலானவை 80 மி.மீ. அல்லது 57 மி.மீ. விட்டமுள்ள துளைகளில் பொருந்துபவை. அந்த அளவுகளில் அட்டை வட்டங்கள் வெட்டி, வேகமானி, வேரியோமீட்டர், உயரமானி, திசைகாட்டி, ரேடியோ என எழுதிக் குழுக்களிடம் கொடுப்பேன். முதலில் பிள்ளைகள் கோலம் போடுவதுபோல் இடமும் வலமும் ஒத்திருக்க அடுக்குவார்கள். அப்போது ஒன்று மட்டும் கேட்பேன்: "தரையை நெருங்கும்போது உங்கள் கண் எங்கே இருக்கும்?"

வெளியேதான். வேகம் அளவுக்கு மேல் குறைந்தால் இறக்கைகள் தூக்குவிசையை இழந்துவிடும். தரைக்கு அருகில் அதைச் சரிசெய்யப் போதிய உயரம் இருக்காது. எனவே ஓடுபாதையிலிருந்து பார்வையைச் சற்றே தாழ்த்தினால் தெரியும்படி, பலகையின் மேற்பகுதியில் வேகமானி இருக்க வேண்டும்.

அதற்கு அடுத்த இடம் வேரியோமீட்டருக்கு. விமானம் என்ன வேகத்தில் ஏறுகிறது, இறங்குகிறது என்று காட்டுவது இது. இதன் எளிய வகையில் ஒரு தெர்மாஸ் குடுவை இணைக்கப்பட்டிருக்கும். விமானம் ஏறும்போது வெளியழுத்தம் குறைய, குடுவையிலுள்ள காற்று கருவி வழியே வெளியேறும். அந்த ஓட்டம் முள்ளை நகர்த்தும். அழுத்த வேறுபாட்டை விளக்க இதைவிட நல்ல கருவி எனக்குக் கிடைக்கவில்லை. மின்னணு வகைகள் ஏற்ற இறக்கத்தை ஒலியாகவும் சொல்லும். ஒரே வெப்பக்காற்றில் வேறு கிளைடர்களும் சுற்றிக்கொண்டிருக்கலாம் அல்லவா? காது வேலை செய்தால் கண் வெளியே இருக்கலாம்.

உயரமானி சற்றுக் கீழே போகலாம். ஆனால் அதன் முகப்பு முக்கியம். அமெரிக்காவில் பால் ஃபிட்ஸ், ரிச்சர்ட் ஜோன்ஸ் இருவரும் கருவிகளைப் படிப்பதில் விமானிகளுக்கு நேர்ந்த 270 பிழைகளை ஆராய்ந்து 1947இல் அறிக்கை தந்தனர். பல முட்கள் கொண்ட உயரமானியைத் தவறாகப் படிப்பது அதில் அடிக்கடி வந்தது. பிழையை விமானியின் கவனக்குறைவு என்று தள்ளிவிடாமல், கருவியின் வடிவமைப்பில் தேடியவர்கள் அவர்கள்.

பலகையில் இடமே கேட்காத கருவியும் உண்டு. கண்ணாடி மூடியின் வெளிப்புறத்தில் ஒட்டிய கம்பளி நூல்! விமானம் பக்கவாட்டில் சறுக்கினால் நூல் ஒருபக்கம் சாயும்.

எஞ்சிய இரண்டில்தான் குழுக்களுக்குள் சண்டை. ரேடியோவின் ஒலிபெருக்கியில் காந்தம் இருப்பதால், பக்கத்தில் உள்ள திசைகாட்டி தவறான திசை காட்டும். பழைய ஒலிபெருக்கி ஒன்றைத் திசைகாட்டியை நோக்கி மெல்ல நகர்த்தி, எந்தத் தொலைவில் முள் விலகத் தொடங்குகிறது என்று அளக்கச் சொல்லுங்கள். அந்தத் தொலைவை விட்டு இரண்டுக்கும் இடம் தேட, அடுத்த பாடவேளையையும் ஒதுக்கி வைத்துக்கொள்வது நல்லது.