தலையும் வாலும் ஒத்த முகவரி

2024 மே 3 அன்று ஈத்தீரியம் வலைப்பின்னலில் ஒருவர் 1,155 பிட்காயினுக்கு ஈடான டோக்கன்களை அனுப்பினார். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 6.8 கோடி டாலர். அவர் அசட்டையான ஆள் இல்லை. பெருந்தொகையை அனுப்பும் முன் ஈத்தீரியத்தின் நாணயமான ஈத்தரில் 0.05 மட்டும் அனுப்பி, முகவரி சரிதானா என்று பார்த்திருந்தார். அந்தச் சோதனைதான் அவரைக் காட்டிக்கொடுத்தது.

பிளாக்செயினில் எல்லாமே ஊரறிய நடக்கிறது. சோதனைப் பணம் போன முகவரியைக் கவனித்த மோசடிக்காரர், அதைப் போலவே தோன்றும் வேறொரு முகவரியிலிருந்து மதிப்பே இல்லாத ஒரு பரிமாற்றத்தை அனுப்பினார். அது பணம் அனுப்பியவருடைய வரவு செலவுப் பட்டியலில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அடுத்த முறை பட்டியலிலிருந்து முகவரியை நகலெடுத்தபோது கையில் வந்தது போலி. பேச்சுவார்த்தைக்குப் பிறகு பணத்தின் பெரும்பகுதி திரும்பியது. இப்படித் திரும்புவது அபூர்வம். ரத்துசெய்ய வங்கி இல்லை, மேலாளர் இல்லை.

ஈத்தீரியம் முகவரியில் 40 இடங்கள். ஒவ்வொன்றிலும் 16 குறிகளில் ஒன்று வரலாம். அத்தனையையும் கைப்பேசித் திரையில் காட்ட இடமில்லாததால் வாலட் செயலிகள் தலையையும் வாலையும் காட்டி, நடுவில் புள்ளி வைக்கின்றன. மே மாத நிகழ்வில் முன்னால் 4, பின்னால் 6 இடங்கள் ஒத்திருந்தன. அப்படி ஒன்று அகப்பட, சராசரியாக 1 லட்சத்து 10 ஆயிரம் கோடி முகவரிகளை உருவாக்கிப் பார்க்க வேண்டும். மலைப்பான எண்தான். ஆனால் கிராஃபிக்ஸ் கார்டுகளுக்கு அது எட்டும் தூரம்.

முகவரியிலேயே ஒரு காவல் உண்டே என்று கேட்கலாம். 2016இல் விட்டாலிக் புட்டெரினும் அலெக்ஸ் வான் டி சாண்டேயும் முன்மொழிந்த முறைப்படி, முகவரியில் உள்ள எந்த ஆங்கில எழுத்து பெரியது, எது சிறியது என்பதே சரிபார்ப்புக் குறியாகிறது. கூடுதலாக ஓர் இடம்கூடத் தேவையில்லை. கை தவறி அடித்த முகவரி இதில் தப்பிக்கும் வாய்ப்பு 0.0247 சதவீதம். அழகான ஏற்பாடு, ஆனால் அது பிழையைத்தான் பிடிக்கும். போலி முகவரியில் பிழையே இல்லை. இன்னொருவருக்குச் சொந்தமான, முழுக்கச் செல்லுபடியாகும் முகவரி அது.

எனவே முகவரியை மட்டும் உற்றுப் பார்த்துப் பயனில்லை. அனுப்புபவர் இதற்கு முன் யார் யாருக்கு அனுப்பினார் என்பதோடு ஒப்பிட வேண்டும். தலை 4, வால் 4 ஒத்து, நடுவில் மட்டும் வேறுபட்டால் வாலட் தடுத்து நிறுத்தலாம். இங்கேதான் கணிதம் மோசடிக்காரருக்கு எதிராகத் திரும்புகிறது. நேர்மையான இரண்டு முகவரிகள் தற்செயலாக அப்படி ஒத்துப்போகும் வாய்ப்பு ஏறத்தாழ 430 கோடியில் ஒன்று. பழகிய முகவரிகள் ஆயிரம் இருந்தாலும், புதிதாக வரும் ஒன்று தற்செயலாக அவற்றில் ஒன்றை ஒத்திருப்பது 43 லட்சத்தில் ஒருமுறைதான். கணினியை ஓடவிட்டு உண்டாக்கிய ஒற்றுமையே சாட்சி சொல்கிறது. இவ்வளவு குறைவான பொய் எச்சரிக்கையோடு வேலைசெய்யும் பாதுகாப்புச் சோதனைகள் அரிது. அதனாலேயே இது ஒவ்வொரு வாலட்டிலும் இருந்தாக வேண்டும் என்பேன்.

சிக்கல் என்னவென்றால், அந்தப் பழைய பட்டியலையே கெடுக்க முடியும். டோக்கன்களை இயக்கும் நிரல்களான ஒப்பந்தங்கள் பலவற்றில், அடுத்தவர் கணக்கிலிருந்து பூஜ்யத் தொகையை எடுத்து அனுப்ப அவருடைய அனுமதி தேவைப்படாது. அனுமதித்த வரம்பு பூஜ்யம், கேட்ட தொகையும் பூஜ்யம், நிபந்தனை நிறைவேறிவிடுகிறது. விளைவு, நீங்களே போலி முகவரிக்கு அனுப்பியதுபோல ஒரு பதிவு. 2023 ஏப்ரலில், ஈத்தீரியம் பரிமாற்றங்களைத் தேடிப் பார்க்க உதவும் ஈத்தர்ஸ்கேன் தளம் இத்தகைய பதிவுகளை இயல்பாகவே மறைக்கத் தொடங்கியது. ஆனால் மிகச் சிறிய தொகைகளையும், புகழ்பெற்ற டோக்கன்களின் பெயரைச் சூடிய போலி டோக்கன்களையும் அனுப்பும் வழிகள் மிச்சம் இருக்கின்றன. கார்னகி மெல்லன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022 ஜூலை முதல் இரண்டு ஆண்டுகளில் ஈத்தீரியம், பிஎன்பி ஆகிய இரண்டு பிளாக்செயின்களிலும் இத்தகைய ஏறத்தாழ 27 கோடி மோசடி முயற்சிகளைக் கண்டார்கள். பலித்தவை 6,633, இழப்பு குறைந்தது 8.38 கோடி டாலர்.

ஆகவே நல்ல கண்டறியும் நிரல் பட்டியலை அப்படியே நம்பாது. ஒவ்வொரு பதிவிலும் யார் கையொப்பமிட்டார் என்று பார்க்கும். உரிமையாளர் தம் சாவியால் ஒப்பமிட்டவை மட்டுமே பழக்கத்தில் சேரும். சந்தேகம் எழுந்தால் பழைய முகவரியையும் புதியதையும் முழுதாக, ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, வேறுபடும் நடுப்பகுதிக்கு நிறம் ஏற்றிக் காட்ட வேண்டும். அதுவும் ஒப்பம் இடுவதற்கு முன்பே.