யுவான் சுவாங்கின் இந்தியப் பயணம்: இடர்களும் பயன்களும்

யுவான் சுவாங் 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சீன பௌத்தத் துறவி. 629ஆம் ஆண்டு வாக்கில் சீனத் தலைநகர் சாங்கானிலிருந்து புறப்பட்ட இவர், மத்திய ஆசியா வழியாக இந்தியாவை அடைந்து, 645இல் நாடு திரும்பினார். முன்பின் அறியாத நாட்டில் பயணம் செய்பவர் எவற்றை இழக்கிறார், எவற்றைப் பெறுகிறார் என்பதை விரிவாகக் காட்டும் பழைய சான்றுகளுள் இப்பயணமும் ஒன்று. இவர் சொல்ல மாணவர் பியன்ஜி தொகுத்த பயண நூலும், ஹுய்லி என்ற துறவி எழுதத் தொடங்கிய வாழ்க்கை வரலாறும் இதற்கு முக்கிய ஆதாரங்கள்.

பயணத்தின் நோக்கம்

சீனாவில் அன்று வழங்கிய பௌத்த நூல்களின் மொழிபெயர்ப்புகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. மூல நூல்களைத் தேடி, அறிந்த ஆசிரியர்களிடம் நேரில் பாடம் கேட்க வேண்டும் என்று யுவான் சுவாங் விரும்பினார். தாங் அரசு அப்போது மக்கள் எல்லை கடப்பதைத் தடை செய்திருந்தது. எனவே இவர் அனுமதியின்றியே புறப்பட்டார்.

வழியில் நேர்ந்த இடர்கள்

எல்லையைக் கடக்க அமர்த்திய வழிகாட்டி இரவில் கத்தியை உருவிக்கொண்டு இவரை நெருங்கினான். பின்னர் பாதியிலேயே திரும்பிவிட்டான். தனியே பாலைவனத்துக்குள் சென்றபோது தண்ணீர்ப் பை கைதவறிக் கொட்டியது. நான்கு இரவும் ஐந்து பகலும் ஒரு துளி நீரின்றித் தவித்தார். கடைசியில் இவருடைய குதிரையே புல்லும் நீரும் உள்ள இடத்துக்கு இவரைக் கொண்டு சேர்த்தது. தியான் சான் மலையின் பனிக் கணவாயில் உடன் வந்தவர்களில் பலர் குளிராலும் பசியாலும் இறந்தனர். கங்கையில் படகில் சென்றபோது கொள்ளையர் பிடித்து, துர்க்கைக்குப் பலியிட முயன்றனர். திடீரென எழுந்த புயலைக் கண்டு அஞ்சி அவர்கள் விடுவித்ததாக வரலாற்று நூல் கூறுகிறது.

அன்பே தடையாதல்

துர்பான் பகுதியில் இருந்த காவோசாங் நாட்டு அரசர் இவரை வரவேற்று, தம் நாட்டிலேயே தங்கிவிடும்படி வற்புறுத்தினார். யுவான் சுவாங் மூன்று நாட்கள் உண்ணாமல் இருந்த பிறகே அரசர் இணங்கினார். பின்னர் அதே அரசர் பொன், பட்டு, குதிரைகளோடு, வழியிலுள்ள அரசர்களுக்கு 24 அறிமுகக் கடிதங்களையும் கொடுத்தனுப்பினார். மேற்கொண்டு பயணம் நடந்தது பெரிதும் இந்த உதவியால்தான். திரும்பும்போது மூன்று ஆண்டுகள் தங்குவதாக இவர் அரசருக்கு வாக்களித்திருந்தார். ஆனால் அதற்குள் அரசர் இறந்துவிட்டார். 640இல் அந்நாடு தாங் படையிடம் வீழ்ந்தது. அந்த வாக்கை நிறைவேற்ற வழியில்லாமல் போயிற்று.

நாளந்தாவும் காஞ்சியும்

பயணத்தின் பெரும்பயன் நாளந்தாவில் கிடைத்தது. அங்கே முதிர்ந்த வயதில் இருந்த சீலபத்திரரிடம் இவர் யோகாசார தத்துவத்தை ஆண்டுக்கணக்கில் கற்றார். சீலபத்திரரின் ஆசிரியரான தர்மபாலர் காஞ்சிபுரத்தில் பிறந்தவர் என்று யுவான் சுவாங்கே குறிப்பிடுகிறார்.

640ஆம் ஆண்டு வாக்கில், பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் காலத்தில், இவர் காஞ்சிக்கு வந்தார். நிலம் வளமானது, மக்கள் நேர்மையும் கல்வியில் ஈடுபாடும் உடையவர்கள் என்று எழுதினார். நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த மடங்கள் இருந்ததையும் பதிவு செய்தார். அங்கிருந்து கப்பலில் இலங்கைக்குச் செல்வதே இவரது திட்டம். ஆனால் அரசர் இறந்ததாலும் பஞ்சத்தாலும் இலங்கையிலிருந்து வெளியேறிய துறவிகள் காஞ்சிக்கு வந்து சேர்ந்திருந்தனர். அவர்களிடம் யோகாசாரம் பற்றிக் கேட்டபோது, சீலபத்திரர் கற்பித்ததற்கு மேல் புதிதாக எதுவும் கிடைக்கவில்லை. பயணத்தைக் கைவிட்டு வடமேற்கே திரும்பினார். அதனால் இலங்கை பற்றி இவர் எழுதியது கேட்டறிந்த செய்தியே.

இழப்பும் ஈட்டமும்

திரும்பும் வழியில் சிந்து நதியைக் கடக்கும்போது அலையில் படகு தடுமாறி, சுமார் 50 சுவடிக்கட்டுகள் நீரில் போயின. அவற்றுக்கு மறுபடி எடுக்க ஆளனுப்பிவிட்டு, அதுவரை அப்பகுதியிலேயே காத்திருந்தார். இறுதியில் 657 நூல்களை 20 குதிரைகளில் ஏற்றிச் சாங்கானை அடைந்தார். தடையை மீறிச் சென்றவரைப் பேரரசர் தைசோங் தண்டிக்காமல் வரவேற்றார். பேரரசர் கேட்டுக்கொண்டதற்கிணங்க 646இல் பயண நூல் நிறைவு பெற்றது. 664இல் இறக்கும் வரை யுவான் சுவாங் மொழிபெயர்ப்பிலேயே ஈடுபட்டு, 75 நூல்களைச் சீனத்தில் தந்தார். மூலம் அழிந்துபோன சில இந்திய நூல்கள் இன்று இம்மொழிபெயர்ப்புகளால்தான் அறியப்படுகின்றன.

பிற்காலப் பயன்

ஊருக்கு ஊர் திசையும் தொலைவும் குறித்து வைப்பது இவரது வழக்கம். அறியாத நாட்டில் வழி தவறாமல் இருக்க உதவும் இப்பழக்கம், 19ஆம் நூற்றாண்டில் இந்தியத் தொல்லியலுக்குக் கைகொடுத்தது. அலெக்சாண்டர் கன்னிங்காம் இக்குறிப்புகளைக் கொண்டே நாளந்தா உள்ளிட்ட பல பௌத்தத் தலங்களை அடையாளம் கண்டார். அயலார் ஒருவர் வியந்து எழுதி வைத்த விவரங்கள், அந்நாட்டினரே மறந்துவிட்ட இடங்களை மீட்டுத் தந்தன.