'புட் ஓஃப்' என்றால் ரத்து அல்ல!



பகல் சமையல் முடிந்து சற்று ஓய்ந்திருக்கும் நேரம். உங்கள் கைத்தொலைபேசிக்கு ஆங்கிலத்தில் ஒரு செய்தி வருகிறது. உங்கள் மாமி மாதாமாதம் போகும் சீனி வியாதிக் கிளினிக்கைப் பற்றிய செய்தி அது. "த கிளினிக் ஹேஸ் பீன் புட் ஓஃப் டில் த ட்வென்டியத்" என்று எழுதியிருக்கிறது.

"என்னவாம் மகள்?" என்று மாமி கேட்கிறார்.

'கிளினிக்' விளங்குகிறது. 'ஓஃப்' என்பதும் விளங்குகிறது. லைட்டை ஓஃப் பண்ணினால் வெளிச்சம் இல்லை. ஃபேனை ஓஃப் பண்ணினால் காற்று இல்லை. அப்படியானால் கிளினிக்கும் இல்லை என்பதுதானே பொருள்?

"இந்த மாதம் கிளினிக் இல்லையாம் மாமி" என்று சொல்லிவிடுகிறீர்கள்.

ஆனால் கிளினிக் இருக்கிறது! 20ஆம் திகதிக்குத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அன்று மாமி போகாவிட்டால் அடுத்த மாதத்துக்குரிய குளிசைகள் கிடைக்காது. கையில் இருப்பது முடிந்த பிறகு என்ன செய்வது? இரண்டு சின்னச் சொற்களைப் பிழையாக விளங்கிக்கொண்டதால் வந்த வினையைப் பார்த்தீர்களா?

ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட சொற்கள் நிறைய உண்டு. ஒரு வினைச்சொல்லோடு ஒரு குட்டிச்சொல் சேர்ந்ததும் பொருள் முற்றாக மாறிவிடும். 'புட்' என்றால் வை அல்லது போடு. 'ஓஃப்' சேர்ந்ததும் 'பிந்திய ஒரு நாளுக்குத் தள்ளிப்போடு' என்றாகிவிடுகிறது.

இது நமக்குப் புதுமையல்ல. நாம் பேசும் தமிழிலும் இதே வழக்கம் இருக்கிறது. 'கல்யாணத்தைத் தள்ளிப்போட்டார்கள்' என்கிறோம். அங்கே யாரும் எதையும் தள்ளவுமில்லை, கீழே போடவுமில்லை! இரண்டு சொற்களும் சேர்ந்து வேறொரு பொருளைத் தருகின்றன. ஆகவே 'புட் ஓஃப்' என்பதைக் கண்டால் இரண்டாகப் பிரித்துப் பார்க்காதீர்கள். 'தள்ளிப்போடு' என்று ஒரே சொல்லாக மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

'போஸ்ட்போன்' என்பதும் இதே பொருள்தான். அறிவித்தல்களிலும் கடிதங்களிலும் அதைக் காணலாம். வீட்டுப் பேச்சில் 'புட் ஓஃப்' சுலபமாக வரும்.

அப்படியானால் ரத்துச் செய்வதற்கு என்ன சொல்? அது 'கோல் ஓஃப்'. இந்த இரண்டையும் ஒருபோதும் குழப்பிக்கொள்ளக்கூடாது. 2020ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். கொரோனாப் பரவலால் நமது நாட்டின் பொதுத்தேர்தல் ஏப்ரல் 25இலிருந்து ஜூன் 20க்கும், பின்பு ஓகஸ்ட் 5க்கும் தள்ளிப் போனது. இரண்டு முறை 'புட் ஓஃப்' செய்யப்பட்டாலும் கடைசியில் தேர்தல் நடந்தது. டோக்கியோ ஒலிம்பிக் போட்டிகளும் அப்படித்தான், 2021இல் நடந்தன. ஆனால் 2020ஆம் ஆண்டு விம்பிள்டன் டென்னிஸ் போட்டி 'கோல் ஓஃப்' செய்யப்பட்டது. அந்த ஆண்டு அது நடக்கவே இல்லை.

பிள்ளையின் பாடசாலையிலிருந்து பரீட்சை 'புட் ஓஃப்' என்று கடிதம் வந்தால் புத்தகத்தை மூடிவைக்க விடாதீர்கள். பரீட்சை வரத்தான் போகிறது! அந்த வசனத்தில் 'டு', 'டில்', 'அன்டில்' என்ற சொற்களில் ஒன்று இருக்கிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் அதற்குப் பின்னால்தான் புதிய திகதி இருக்கும். அதைக் கலண்டரில் உடனே குறித்துவையுங்கள்.

இனி, நாமே இதைப் பேசிப் பழகுவோமா? நான்கு விஷயங்களை மட்டும் ஞாபகத்தில் வைத்தால் போதும்.

ஒன்று: நேற்று நடந்ததைச் சொல்லும்போதும் 'புட்' மாறாது. "வீ புட் ஓஃப் த வெடிங்" என்றால் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டோம். 'புட்டட்' என்று ஒரு சொல் கிடையாது.

இரண்டு: பொருளின் பெயரைப் பின்னாலும் வைக்கலாம், நடுவிலும் வைக்கலாம். "புட் ஓஃப் த மீட்டிங்", "புட் த மீட்டிங் ஓஃப்" இரண்டும் சரியே. ஆனால் 'அதை' என்று சொல்ல வரும் 'இட்' நடுவில்தான் நிற்கவேண்டும். "புட் இட் ஓஃப்" சரி. "புட் ஓஃப் இட்" பிழை.

மூன்று: ஒரு காரியம் செய்வதைத் தள்ளிப்போடுவதாகச் சொன்னால் அடுத்த வினைச்சொல் 'இங்' என்று முடியவேண்டும். "டோன்ட் புட் ஓஃப் கோயிங் டு த டொக்டர்" என்றால் டொக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். 'புட் ஓஃப் டு கோ' என்று சொல்வதில்லை.

நான்கு: இதற்கு இன்னொரு பொருளும் உண்டு. நடுவில் ஓர் ஆளைக் குறிக்கும் சொல் வந்தால் மனதில் வெறுப்பு உண்டாக்குவதைக் குறிக்கலாம். "த ஸ்மெல் புட் மீ ஓஃப்" என்றால் அந்த வாடையில் எனக்கு அந்தச் சாப்பாடே பிடிக்காமல் போய்விட்டது.

இவற்றைப் படிக்க வகுப்புத் தேவையில்லை. வீட்டு வேலைகளுக்கிடையிலேயே பழகலாம். பிள்ளை வீட்டு வேலையை நாளைக்கென்று வைத்தால், "டோன்ட் புட் இட் ஓஃப்" என்று சொல்லிப் பாருங்கள். மழையால் பயணம் தடைப்பட்டால், "வீ புட் ஓஃப் த ட்ரிப் டில் சண்டே" என்று சொல்லுங்கள். பிழை வந்தால் பிள்ளை திருத்தட்டும். உம்மாவுக்குச் சொல்லிக்கொடுப்பதில் பிள்ளைக்கும் சந்தோஷம். அவனது பாடமும் நன்றாகப் பதியும்.

பிள்ளைகள் சிரிப்பார்கள், இந்த வயதில் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். கேட்டால் கேட்கட்டும். மாமியின் குளிசையும் மகளின் பரீட்சையும் உங்கள் கையில் வந்து சேரும் அந்தக் கடிதத்தில்தான் இருக்கின்றன. வாசிக்கத் தெரிந்த ஓர் ஆள் வீட்டுக்கு வரும்வரை காத்திருக்க எல்லா நேரமும் முடியாது.

பெருநாள் முடியட்டும், பிள்ளைகள் வளரட்டும், பிறகு படிப்போம் என்று நம்மில் எத்தனை பேர் எத்தனை வருடமாகச் சொல்லிவருகிறோம்! அதற்கும் ஆங்கிலத்தில் பெயர் 'புட் ஓஃப்'தான். கோல் ஓஃப் செய்யவில்லையே, தள்ளித்தானே போட்டோம்? அப்படியானால் அதற்கும் ஒரு திகதி வேண்டும். அந்தத் திகதி இன்றாக இருக்கட்டும்.

டோன்ட் புட் இட் ஓஃப், சகோதரியே!