விட்டுக்கொடுக்கும் சாந்து

திண்டைச் சாய்த்து வைத்தாற்போல் சமவெளியின் நடுவே கிடந்து, ஊருக்கே திண்டுக்கல் என்னும் பெயரை ஈந்த பாறையின்மேல், 1605-ஆம் ஆண்டில் மதுரை முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் எழுப்பத் தொடங்கி, பின்னர் ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் வலுப்படுத்தி, 1790-இல் ஆங்கிலேயர் கைப்பற்றிய கோட்டையின் சுவர்களை அருகே சென்று நோக்குவோர், பீரங்கிக் குண்டினும் மழைநீரே அவற்றுக்குப் பெரும் பகை என்பதை உணர்வர். கருங்கல்லுக்கு அதனால் அதிகச் சேதமில்லை. செங்கல்லுக்கும் அதைப் பிணைத்த சாந்துக்குமே ஆபத்து.

பழைய கொத்தர்கள் கையாண்டது சுண்ணாம்புச் சாந்து. சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் ஏறத்தாழ 900 டிகிரி வெப்பத்தில் சுட்டால் கரியமில வாயு வெளியேறும். எஞ்சியதை நீரிட்டு நீற்றி, மணலும் செங்கற்பொடியாகிய சுர்க்கியும் கூட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டு அரைத்துச் சுவரில் பூசினால், அது காற்றிலிருந்து அதே வாயுவைச் சிறுகச் சிறுக உட்கொண்டு மறுபடி கல்லாகிறது. அதே கல்லைக் களிமண்ணோடு கலந்து சுமார் 1450 டிகிரியில் எரித்தால் கிடைப்பது சிமெண்ட். திண்டுக்கல் மாவட்டத்துக் கரிக்காலியிலேயே சிமெண்ட் ஆலை இருக்கிறது. ஆகவே பழுதுபார்ப்போர் கை அந்த மூட்டையை நாடுவது இயல்பே.

ஆயினும் பழைய சுவருக்கு அது பகை. பழஞ்செங்கல் மென்மையானது; நீரை உறிஞ்சி, வெயிலில் மூச்சாக வெளிவிடும் சுபாவமுடையது. இடுக்குகளில் சுண்ணாம்பு இருந்தால் ஈரம் அதன் வழியே வெளியேறும். ஈரத்தில் கரைந்து வரும் உப்பும் அங்கேயே பூத்து, வேண்டுமானால் அச்சாந்தை உதிர்க்கும். சிமெண்ட் அவ்வழியை அடைத்துவிடவே, ஈரம் செங்கல்லின் முகத்தை நாடுகிறது; உப்பு அதனுள் படிகமாகிப் பருத்து, முகத்தையே பொரிபொரியாக உரித்தெறிகிறது. சுற்றிலும் செங்கல் அரித்துப்போக, சிமெண்ட் கோடுகள் மட்டும் விலா எலும்புகளைப்போல் துருத்தி நிற்கும் சுவர்களைக் காணும்போது நெஞ்சு பதைக்கிறது. சாந்து செங்கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும் என்பதே இவ்வித்தையின் உயிர்நாடி. சாந்தை மறுபடி வைத்துவிடலாம். நானூறு ஆண்டுச் செங்கல்லை எங்கே சென்று வாங்குவது? தீக்கு இரையான சென்னைச் சேப்பாக்கம் கலச மகாலைப் பொதுப்பணித்துறை புதுப்பித்தபோதும் சுண்ணாம்புச் சாந்தையே கையாண்டது.

பணி பரிசோதனையில் தொடங்குகிறது. பழஞ்சாந்தின் துண்டொன்றை நீர்த்த அமிலத்திலிட்டால் சுண்ணாம்பு நுரைத்துக் கரையும். அடியில் தங்கும் மணலின் நிறமும் பருமனும் புதுச்சாந்து எப்படி அமைய வேண்டும் என்று சொல்லிவிடும். இடுக்கில் வேரோடிய அரசங்கன்றைப் பிடுங்கினால் கல்லும் உடன் வரும். ஆகையால் அதை வெட்டி, வேரைப் பட்டுப்போகச் செய்தபின்னரே அகற்றுவர். மணலை வேகமாக வீசித் துலக்கும் எந்திரம் செங்கல்லின் சுட்ட தோலைப் பறித்துவிடும். நீரும் மெல்லிய நார்த்தூரிகையும் போதும். பின், இயந்திரத்தை நாடாது, கையுளியால் இடுக்கின் அகலத்தைப்போல் இரு மடங்கு ஆழத்துக்கு மக்கிய சாந்தைச் சுரண்டி, தூசி போக்கி, சுவரை நனைத்து, புதுச்சாந்தைக் கரணையால் அழுத்தி நிரப்புவர். செங்கல்லின் விளிம்பை மூடாமல் சற்றே உள்ளடங்கி நிறுத்துவதில்தான் கொத்தனாரின் கைத்திறம் தெரியும்.

பூசியதும் வேலை முடிந்துவிடாது. வெயில் கடுமையான இச்சமவெளியில் சாந்து விரைந்து உலர்ந்தால் கல்லாகுமுன் பொடியாகிவிடும். ஆதலால் நனைத்த சாக்குகளைச் சுவரில் தொங்கவிட்டு, காலையும் மாலையும் சித்தாள்கள் நீர் தெளித்தபடி இருப்பார்கள்.