லிண்டிஸ்பார்ன்: கடல் வழிவிடும் நேரம் பார்த்து ஒரு நடை

விடுமுறை என்றால் இங்கிலாந்தின் தென்கரையோரம்தான் எங்கள் குடும்பங்களில் பலருக்கும் நினைவுக்கு வரும். வடகிழக்கு மூலையில், ஸ்கொட்லாந்து எல்லைக்குச் சற்றுக் கீழே, லிண்டிஸ்பார்ன் என்றொரு சிறு தீவு இருக்கிறது. புனிதத் தீவு என்பது அதன் மற்றப் பெயர். நிரந்தரமாக வசிப்பவர்கள் ஏறக்குறைய 150 பேர்தான். ஊரில் தொடங்கி, கடற்கரையைத் தொட்டு, மீண்டும் ஊருக்கே வரும் சுற்றுப்பாதை சுமார் 5 கிலோமீற்றர். பெரிய ஏற்றம் எதுவும் இல்லை. அம்மம்மா, அப்பப்பா, சின்னப் பிள்ளைகள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு இருந்திருந்து நடந்தாலும் மூன்று மணித்தியாலம் போதும்.

நடையைவிட முக்கியமானது கடல். பெருநிலத்தில் இருந்து தீவுக்குப் போகும் வீதி, ஒரு நாளில் இரண்டு தடவை பெருக்கு நேரத்தில் தண்ணீருக்குள் போய்விடும். பாதுகாப்பாகக் கடக்கக்கூடிய நேரங்களை உள்ளூராட்சி சபை முன்கூட்டியே வெளியிடுகிறது. வீதியின் இரு முனைகளிலும் அவை எழுதி வைக்கப்பட்டிருக்கும். அந்த நேரம் ஒவ்வொரு நாளும் மாறும். வீதியோரத்தில் தூண்களின் மேல் ஒரு சிறு வெள்ளைக் குடில் நிற்பதைக் காண்பீர்கள். நேரம் தப்பி அகப்பட்டவர்கள் ஏறி இருந்து உயிர் தப்புவதற்காகக் கட்டியது அது. "தண்ணி கொஞ்சம்தானே, போயிடலாம்" என்று காரை விட்டு மாட்டுப்படுபவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். நாங்கள் முதல் தடவை போனபோது அரை மணித்தியாலம் பிந்திவிட்டோம். மறுகரையில் காருக்குள் இருந்து இடியப்பப் பொதியைச் சாப்பிட்டபடி, கண்ணுக்கு எதிரே தெரிந்த தீவைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் மிச்சம். தீவகத்துக்காரர் ஒருவர் எங்களோடு வந்திருந்தார். "வத்துப் பெருக்குப் பார்க்காமல் வெளிக்கிட்டால் இதுதான்" என்று அவர் சிரித்தார்.

வாகனத்தை ஊர் முகப்பில் உள்ள தரிப்பிடத்தில் விட்டுவிட்டு ஊருக்குள் நடந்தால், முதலில் வருவது பழைய துறவிமடத்தின் இடிபாடுகள். கி.பி. 635இல் அயோனாவில் இருந்து வந்த ஏய்டன் என்ற துறவி தொடங்கிய மடம் இந்தத் தீவில்தான் இருந்தது. ஆனால் இன்று நாம் பார்க்கும் சிவந்த கற்சுவர்கள் அவருடையவை அல்ல. அவை 12ஆம் நூற்றாண்டில் எழுந்தவை. கூரையெல்லாம் போன பின்னும் வானவில் போல ஒரே ஒரு வளைவு மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. எட்டாம் ஹென்றி மன்னன் மடங்களை மூடிய பிறகு, இங்கிருந்த கற்களில் பலவற்றைப் பெயர்த்துத்தான் அருகிலுள்ள கோட்டையைக் கட்டினார்கள்.

சிறு துறையைச் சுற்றிக் கோட்டைப் பக்கம் போகும்போது, கரையில் கவிழ்த்து வைத்த பழைய மீன்பிடி வள்ளங்கள் தென்படும். கதவு போட்டு, தார் பூசி, வலையும் சாமானும் வைக்கும் கொட்டில்களாக அவற்றை மாற்றியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்குக் கோட்டையைவிட இவைதான் பிடிக்கும். கோட்டையை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வீடாக மாற்றிக் கொடுத்தவர் எட்வின் லட்யன்ஸ். பின்னர் புதுடில்லியின் அரச மாளிகைகளை வடிவமைத்த அதே ஆள்தான்.

கோட்டைக்குப் பின்னால் இருக்கும் சுண்ணாம்புச் சூளைகளைப் பலர் எட்டிப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு. 1860களில் கட்டிய பிரமாண்டமான சூளைகள் அவை. தீவின் வடகரையில் வெட்டிய சுண்ணக்கல்லை இங்கே கொண்டுவந்து எரித்தார்கள். டண்டீயில் இருந்து நிலக்கரியோடு வந்த கப்பல்கள் சுண்ணாம்போடு திரும்பின. கல் ஏற்றிய வண்டிகள் ஓடிய அந்த மேட்டுப் பாதைதான் இப்போது நமது நடைபாதை. வலக்கைப் பக்கம் கடல், இடக்கைப் பக்கம் சாந்து இல்லாமல் அடுக்கிய கல்மதில்கள். நெடுந்தீவின் பவளக்கல் வேலிகளைக் கண்டவர்கள் இங்கே சற்று நின்றுதான் போவார்கள். காற்று விழுந்தால், மணல் திட்டுகளில் கிடக்கும் கடல்நாய்கள் முனகுவதும் கேட்கும்.

பறவைகள் தங்கும் சிறு குளம் ஒன்று வந்ததும் பாதை உள்ளே திரும்புகிறது. ஒழுங்கையை இந்தப் பக்கத்துப் பேச்சில் 'லோனன்' என்பார்கள். கோணல் லோனன் வழியாக வந்தால் மறுபடி ஊர். சப்பாத்தையும் காற்சட்டை விளிம்பையும் ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள். நம்மூர் நாயுருவி மாதிரி ஒட்டிக்கொள்ளும் முள்விதை ஒன்று இங்கு பரவியிருக்கிறது. நியூசிலாந்துப் பக்கத்துச் செடி; ஆட்டு ரோமத்தோடு வந்து சேர்ந்தது என்கிறார்கள்.

மடத்துக்குப் பக்கத்தில் உள்ள புனித மரியாள் தேவாலயத்தைக் கடைசிக்கு வையுங்கள். ஆறு துறவிகள் ஒரு சவப்பெட்டியைத் தோளில் சுமந்து நடக்கும் மரச்சிற்பம் உள்ளே இருக்கிறது. பென்விக் லோசன் செதுக்கியது. பெட்டிக்குள் இருப்பவர் கத்பேர்ட், 687இல் இறந்த இந்தத் தீவின் ஆயர். 793இல் வைக்கிங்குகள் தீவைத் தாக்கினார்கள். அதன் பிறகும் துறவிகள் எண்பது வருடத்துக்கு மேல் தாக்குப்பிடித்தார்கள். 875இல் இனி இருக்க ஏலாது என்று ஆனபோது, அவரது உடலையும் தங்கள் வேதப் புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டார்கள். ஏழு வருடம் ஊரூராக அலைந்து செஸ்டர்-லி-ஸ்ட்ரீட் என்ற இடத்தில் தங்கினார்கள். அந்தத் தங்கல் நூறு வருடத்துக்கு மேல் நீண்டது.

தீவில் எழுதப்பட்ட அந்தப் புத்தகம் லத்தீன் மொழியில் இருந்தது. செஸ்டர்-லி-ஸ்ட்ரீட்டில், 10ஆம் நூற்றாண்டில், ஓல்ட்ரெட் என்ற குருவானவர் அதன் வரிகளுக்கு இடையில், சொல்லுக்குச் சொல், தன் மொழியில் பொருள் எழுதி வைத்தார். ஆங்கிலத்தில் இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய நற்செய்தி மொழிபெயர்ப்பு அதுதான். புத்தகம் இப்போது லண்டனில், பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது. சிற்பத்தின் முன் நின்று இந்தக் கதையைச் சொன்னபோது, "அவங்கள் திரும்பி வந்தவங்களா?" என்று எங்களில் ஒருவரின் எட்டு வயது மகள் கேட்டாள். அந்தத் தலைமுறை வரவில்லை. மடத்தை மீண்டும் எழுப்ப டேரமில் இருந்து துறவிகள் வந்தது இருநூறு வருடத்துக்குப் பிறகு.

கத்பேர்ட்டின் உடல் 995இல் டேரமுக்குப் போனது. தெற்கே திரும்பும் வழியில் அங்கே இறங்கினால், பேராலயத்தின் உள்ளே அவர் பெயர் மட்டும் பொறித்த கல்லைப் பார்க்கலாம். ஆனால் அதற்குமுன், தேவாலயத்தை விட்டு வெளியே வந்ததும், கடக்கும் நேரத்தை இன்னொருதரம் பாருங்கள்.