ஏட்டுப் படங்களை நறுக்கலும் சுருக்கலும்

தண்பொருநை பாயும் நெல்லைச் சீமை ஏடுகளைப் போற்றிய மண். பத்துப்பாட்டின் நல்ல படிகளைத் தேடி உ. வே. சாமிநாதையர் திருநெல்வேலியிலும் ஆழ்வார்திருநகரியிலும் கவிராயர்களின் இல்லங்களுக்குச் சென்றதை அவர்தம் தன்வரலாற்றால் அறிகிறோம். உமறுப்புலவரின் சீறாப்புராணம் 1842 ஆம் ஆண்டில் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிமின் முயற்சியால் அச்சேறியது. அன்று படியெடுத்தோர் கையில் எழுத்தாணி இருந்தது. இன்று நம் கையில் ஸ்கேனரும் கைப்பேசியும் உள்ளன. கருவி மாறினும் படியெடுப்பவரின் பொறுப்பு மாறவில்லை. எடுத்த படத்தை ஓரம் நறுக்கி, அளவு சுருக்கும் முறையை இங்கே காண்போம்.

படப்புள்ளிக் கணக்கு

கணிப்பொறிப் படம் என்பது சிறு புள்ளிகளின் கோலம். 6 அங்குல அகலமும் 9 அங்குல உயரமும் உள்ள பக்கத்தை அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் எடுத்தால் 1800 × 2700, அதாவது 48,60,000 புள்ளிகள் அமையும். அகலத்தையும் உயரத்தையும் பாதியாக்கினால் 12,15,000 புள்ளிகளே எஞ்சும். பாதியாக்கினோம் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் நான்கில் மூன்று பங்கை இழந்துவிடுகிறோம். பின்னர்ப் பெரிதாக்கினாலும் இழந்தவை மீளா.

கட்டளை வரி

நூறு பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து திருத்துவது சலிப்பூட்டும் பணி. 1990 இல் வெளியான இமேஜ்மேஜிக் என்னும் இலவச மென்பொருள், தட்டச்சிடும் ஒரே வரியில் இதனை முடித்துத் தரும். கட்டளையின் பெயர், மூலக்கோப்பு, செய்ய வேண்டிய செயல், புதுக்கோப்பு என்பதே அவ்வரியின் ஒழுங்கு. நறுக்குவதற்கு 'கிராப்' என்றும் அளவு மாற்றுவதற்கு 'ரீசைஸ்' என்றும் குறிப்பிட வேண்டும். நறுக்கலுக்கு நான்கு எண்கள் தேவை: வேண்டிய அகலம், உயரம், இடப்புறம் விடும் தொலைவு, மேற்புறம் விடும் தொலைவு. சுருக்கலுக்கு அகலம் ஒன்றைத் தந்தாலே போதும். உயரத்தை மென்பொருளே விகிதம் கெடாது கணக்கிட்டுக்கொள்ளும். செயல்கள் எழுதிய வரிசையிலேயே நிகழும். ஆதலின் முதலில் நறுக்கிப் பின்னர்ச் சுருக்குதல் நன்று.

எதை நறுக்கலாகாது?

ஓலைச்சுவடியில் ஏட்டின் எண் பெரும்பாலும் இடப்புற ஓரத்தில் இருக்கும். எழுத்தை ஒட்டி நறுக்கினால் எண் போய்விடும். கட்டவிழ்ந்த சுவடியை வரிசைப்படுத்த வழியிராது. பழைய கல்லச்சு நூல்களில் அடுத்த பக்கத்தின் முதற்சொல்லை அடியில் எழுதும் வழக்கும் உண்டு. அதுவும் ஓரமன்று, நூலின் உறுப்பே. மேலும், இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே ஓரம் விடுவதில்லை. இரண்டிற்கும் தனித்தனி எண்கள் வகுத்து, சில பக்கங்களில் சோதித்த பின்னரே முழு நூலுக்கும் கட்டளையிட வேண்டும்.

எவ்வளவு சுருக்கலாம்?

எழுத்தின் புள்ளியே இதற்கு அளவுகோல். பழைய அச்சு நூலில் மெய்யெழுத்தின் புள்ளி மறைந்தால் 'க்' என்பது 'க' ஆகிவிடும். அரபு எழுத்திலோ கீழே ஒரு புள்ளி 'பா'; மேலே இரண்டு 'தா'; மூன்று 'ஸா'. அரபுத்தமிழ், அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக மேலும் குறிகளைக் கூட்டிக்கொண்ட எழுத்து முறை. அங்கே ஒரு புள்ளி கரைந்தால் சொல்லே மாறிப் பொருளும் திரியும். பக்கத்திலுள்ள மிகச் சிறிய புள்ளி தெளிவாகத் தெரியும் அளவோடு சுருக்கலை நிறுத்த வேண்டும்.

மூலத்தைக் காத்தல்

இம்மென்பொருளில் 'மாக்ரிஃபை' என்றொரு கட்டளை உண்டு. தனியிடம் குறிப்பிடாவிடின், புதுக்கோப்பு ஆக்காமல் மூலப்படத்தின் மேலேயே எழுதிவிடும். இதனை அறியாமல் நாமே ஒருமுறை முதிய அன்பர் ஒருவர் இரவல் தந்த நூலின் படங்கள் அனைத்தையும் ஒரே நொடியில் சிறிதாக்கிவிட்டோம். மீண்டும் படமெடுக்க நூலைக் கேட்டுச் சென்றபோது, முன்னரே நைந்திருந்த இரண்டு தாள்கள் பொடிந்து போயிருந்தன. அவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. அதுவே நமக்குப் பெருந்தண்டனையாயிற்று.

ஆதலின் மூலப்படங்களைத் தனி உறையில் வைத்து, வேறோர் இடத்திலும் ஒரு படி சேமித்த பின்னரே கட்டளையைத் தொடுதல் வேண்டும். மேலப்பாளையத்திலும் பேட்டையிலும் காயல்பட்டினத்திலும் பெரியவர்கள் தம் இல்லத்துப் பழைய நூல்களை இளைஞர்களிடம் நம்பித் தரட்டும். மாணவர்கள் அந்நம்பிக்கைக்கு ஊறு நேராது படியெடுக்கட்டும்.